விரல்களுக்கு வீரம் தெரியாது

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிக்கும் ஸ்கைடைவிங் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஜனவரியிலேயே தொடங்கலாமா, ஏப்ரல் வரை காத்திருக்கலாமா? குளிர் என்பது வெறும் மனத்தடை என்றே நான் நினைக்கிறேன். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன், முன்பயிற்சி ஏதுமின்றி, தன் முதல் குதிப்பையே வட துருவத்தில் மைனஸ் 37 டிகிரியில் நிகழ்த்தினார் அல்லவா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை; மறைப்பது தவறா? நீங்கள் இதைக் குளிர்காலத்தில் கற்றவர் என்று ஒரு கட்டுரையில் படித்ததால் கேட்கிறேன்.

க., லெஸ்டர்

அன்புள்ள க.,

சில நாட்களாகக் கைவிரல்களைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கிறேன். வயது ஏற ஏற, காலையில் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் அவை சற்றுத் தாமதமாகத்தான் கீழ்ப்படிகின்றன. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆசைப்பட்டதற்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு யோசிக்கும் உங்கள் வயதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘மனத்தடை’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக உங்களைத் திட்டாமல் விட முடியாது.

மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். தரையில் 4 டிகிரி இருக்கும் நாளில் 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவு திறந்தால், வெளியே மைனஸ் 22 டிகிரி. அந்தக் காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் நிமிடத்துக்கும் மேலாக விழப்போகிறீர்கள். பாராசூட் விரிந்த பிறகாவது ஆறுதல் உண்டு என்று எண்ண வேண்டாம். திசை திருப்பும் கைப்பிடிகளைப் பிடித்தபடி சில நிமிடங்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும், அப்போது விரல்களுக்கு வர வேண்டிய இரத்தமும் குறைகிறது. நெஞ்சில் எவ்வளவு உறுதி இருந்தாலும் அது விரல் நுனி வரை இறங்கி வருவதில்லை. தொடு உணர்வு மரத்துப்போன விரல், தான் எதைப் பிடித்திருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லாது. சொன்னாலும் பொய் சொல்லும்.

எனக்குக் கற்றுத்தந்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். கணப்பு இல்லாத விமானக் கொட்டகையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் கைகளை வைத்திருக்கச் சொல்வார். துடைத்துக்கொண்டு கையுறை மாட்டியதும், கண்களை மூடி மூன்று கைப்பிடிகளையும் தேடச் சொல்வார். முதலாவது, முதுகுப் பையின் வலப்புற அடி மூலையில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். முதன்மைப் பாராசூட்டை விரிப்பது அதுதான். வலது மார்பில் இருப்பது, பழுதாக விரிந்த பாராசூட்டைக் கழற்றி விடுவதற்கானது. இடது மார்பில் இருப்பது, அவசரத்துக்கென வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டை விரிப்பதற்கானது. எங்களோடு பயின்ற ஓர் இளைஞர் மலையேறுபவர்கள் அணியும் பஞ்சு பொதிந்த கையுறையை வாங்கி வந்திருந்தார். அவர் கை பின்னால் சென்றது, எதையோ இறுகப் பிடித்தது, கிடைத்துவிட்டது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தால் பிடித்திருந்தது தன்னுடைய உடையின் இடுப்பு மடிப்பை. ஆசிரியர் சிரிக்கவில்லை, எங்களையும் சிரிக்க விடவில்லை. அந்தக் கையுறையைக் கழற்றி வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

குளிர்காலத்தில் இதைக் கற்பது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். உள்ளே இரண்டு சட்டை கூடுதலாக அணிந்தால் மார்பின் கைப்பிடிகள் துணி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மணிக்கட்டில் கட்டிய, உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் தடித்த சட்டைக்கையின் மேல் வழுக்கித் திரும்பிக்கொள்ளும். மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கும். ஆகவே கோடையில் கற்ற அசைவுகளை நம்பாமல், குதிக்கப்போகும் அன்று அணியும் அதே உடையோடு தரையில் மீண்டும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும், சலிப்புத் தட்டிய பிறகும் செய்து பார்க்க வேண்டும். தானாக ரிசர்வ் பாராசூட்டைத் திறந்துவிடும் கருவி இருக்கிறதே என்று பதில் எழுதாதீர்கள். சைப்ரெஸ் என்ற அந்தக் கருவி 1991 முதல் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போது விழித்துக்கொள்ளும் ஒன்றை நம்பி யாரும் விமானத்தில் ஏறுவதில்லை.

ஷீத்தல் மகாஜன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் 2004 ஏப்ரலில் அவர் வட துருவத்தில் குதித்தது 2,400 அடியிலிருந்து. அந்த உயரத்தில் நீங்கள் கற்கப்போகும், பாராசூட் விரியும் முன் நீண்ட நேரம் விழும் ஃப்ரீ ஃபாலுக்கு இடமே இல்லை. துருவத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன் என்றால் 1997 டிசம்பரையும் சேர்த்துப் படியுங்கள். தென் துருவத்தில் அன்று குதித்த ஆறு பேரில் மூவர் இறந்தனர். அங்கே பனித்தரையே கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைவால் மூளை மந்தமானதும், அடையாளம் ஏதுமற்ற வெள்ளைப் பரப்பில் உயரத்தைக் கணிக்க முடியாமல் போனதும் காரணமாகக் கருதப்பட்டன. துணிச்சல் இல்லாதவர்கள் அங்கே போயிருக்கவே மாட்டார்கள்.

ஜனவரியா ஏப்ரலா என்றல்லவா கேட்டீர்கள். அங்கே ஜனவரியில் மாலை நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் போகத் தொடங்கிவிடும். மேகம் தாழ்ந்து கிடக்கும். பல சனிக்கிழமைகளில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவீர்கள். ஒரு குதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால் கற்றது கையைவிட்டுப் போகும். தரைப் பயிற்சியை ஜனவரியில் முடித்துக்கொள்ளுங்கள். விடுப்பும் பணமும் இருந்தால் ஸ்பெயினின் எம்பூரியாபிராவா போன்ற ஓர் இடத்துக்குச் சென்று தொடர்ச்சியாகக் குதியுங்கள், இல்லையேல் ஏப்ரல் வரை பொறுத்திருங்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அவருக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம்.

கையுறையை மட்டும் இணையத்தில் வாங்காதீர்கள். கடைக்கே சென்று, மெல்லிய தோல் கையுறையாகப் பார்த்து அணிந்துகொண்டு, சட்டைப் பையிலிருக்கும் சில்லறைக்குள் ஏழு பக்கங்கள் கொண்ட ஐம்பது பென்ஸ் நாணயத்தைப் பார்க்காமல் தடவியே பிரித்தெடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால், விற்பனையாளர் என்ன சொன்னாலும் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.