கோழி எரு போட்டும் சாவி கீரை ஏன் தேறவில்லை? பினாங்குத் தோட்டக்காரர்களின் கேள்வி பதில்

சாவி (சீனக் கடுகுக் கீரை), காய்லான் (தண்டோடு சமைக்கும் சீனக் கீரை), முட்டைக்கோஸ் எல்லாம் கடுகுக் குடும்பம். எல்லாமே பெருந்தீனிப் பயிர்கள். எருவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில், கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

பாலிக் புலாவ்: அண்ணே, 10க்கு 3 அடி பாத்திக்கு மூட்டை மூட்டையா கோழி எரு போட்டுட்டேன். சாவி குட்டையா, மஞ்சளாவே நிக்குது. இன்னும் போடணுமா?

இனிப் போடாதீர்கள் தம்பி. முதலில் மண்ணின் பிஎச் பாருங்கள், அது புளிப்பின் அளவு, 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும். தீவின் மேட்டு மண் கருங்கல் சிதைந்து வந்தது. மழை அடித்து அடித்து சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய், பிஎச் 4.5 பக்கம் நிற்பது சாதாரணம். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். எருவிலிருந்து வரும் பாஸ்பேட்டையும் (மணிச்சத்தையும்) அது பிடித்துக்கொள்ளும். மூட்டை கணக்கில் போட்டாலும் வேர் இல்லாத செடி எதைச் சாப்பிடும்?

கடுகுக் குடும்பத்துக்கு 6 முதல் 6.8 வரை வேண்டும். கடையில் ஜிஎம்எல் என்று கேளுங்கள், மக்னீசியமும் சேர்ந்த சுண்ணாம்புக்கல் தூள். ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம். உங்கள் பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர், ஆகவே 600 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை. மணல் பாங்கான மண்ணுக்குக் குறைந்த அளவு, களிமண்ணுக்குக் கூடுதல். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா போடுங்கள். அதற்குப் பிறகுதான் எரு. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் நைட்ரஜன் அமோனியாவாகக் கிளம்பிப் போகும். அந்த மூக்கைத் துளைக்கும் வாடை உங்கள் காசுதான்.

நிபோங் திபால்: ஐயா, எரு அளவை எப்படிக் கணக்குப் போடுறது?

பைக்குப் பின்னால் நைட்ரஜன் சதவீதம் இருக்கும். 3 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோவில் 30 கிராம் நைட்ரஜன். கோழி எருவில் முதல் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, அதாவது 15 கிராம். சாவிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம் போதும். ஆக சதுர மீட்டருக்கு 1 கிலோ, 10க்கு 3 அடி பாத்திக்கு 3 கிலோவுக்குள். காய்லான் விளைய நாள் கூட ஆகும், அதற்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ, இரண்டு தவணையாக. அடுத்த சுற்றுக்கு மண்ணில் மீதம் இருப்பதால் பாதி அளவே போதும்.

இங்கே பலர் தவறவிடுவது பாஸ்பேட். கோழி எருவில் நைட்ரஜன் அளவுக்கே பாஸ்பேட்டும் இருக்கும், கீரை எடுப்பதோ அதில் சிறு பங்கு. ஒவ்வொரு சுற்றும் நைட்ரஜனுக்காக எருவையே கொட்டினால் பாஸ்பேட் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், பிறகு துத்தநாகச் சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளுக்கும். நாலைந்து சுற்றுக்குப் பின் எருவைக் குறைத்து, நைட்ரஜனுக்குக் கடலைப் புண்ணாக்கோ, சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் யூரியாவோ கொடுங்கள். "இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை" என்பதை நான் ஏற்பதில்லை.

பட்டர்வொர்த்: பண்ணையிலிருந்து ஈர எரு இலவசமா வருது. அப்படியே போடலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. ஈ, வாடை, நாற்றைக் கருக்கும் அமோனியாவும் உப்பும், அதோடு சால்மொனெல்லா கிருமி. அமெரிக்க இயற்கை வேளாண் விதி, மண்ணில் படும் காய்கறிக்கு மட்காத எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை என்கிறது. சாவியோ நட்டு 30, 35 நாளில் அறுவடை. இடமே இல்லை.

மட்க வையுங்கள். அளவில் 1 பங்கு எருவுக்கு 2 பங்கு காய்ந்த இலையோ மரத்தூளோ. குவியல் எல்லாப் பக்கமும் குறைந்தது 3 அடி இருக்க வேண்டும், சிறியதாக இருந்தால் சூடு ஏறாது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு, அதுதான் சரியான ஈரம். உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். சூடு இறங்கும்போது புரட்டுங்கள். மழைக்குக் கேன்வாஸ் கட்டாயம், இல்லாவிட்டால் சத்தெல்லாம் கறுப்புத் தண்ணீராக வடிந்துவிடும். புரட்டிய பிறகும் சூடு ஏறவில்லை, அமோனியா வாடையும் இல்லை என்றால் பெரும்பாலும் ஆயிற்று, ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் மட்கையும் மணலையும் பாதிப்பாதி கலந்து கொஞ்சம் சாவி விதை தூவுங்கள். நாலைந்து நாளில் முளைக்காவிட்டாலோ வேர் நுனி பழுப்பானாலோ இன்னும் காத்திருங்கள்.

ரெலாவ்: ஆட்டுப் புழுக்கை?

மண்ணுக்கு நல்லது, சாவிக்கு மெதுவானது. முழுசாகப் போட்டால் அறுவடைக்குப் பிறகும் உருண்டையாகவே கிடக்கும். நொறுக்கிப் போடுங்கள். கத்தரி, மிளகாய்க்கு அதுவே பொருத்தம்.

புக்கிட் மெர்தாஜாம்: சுண்ணாம்பு நிறையப் போட்டேன். இப்போ காய்லான் தண்டு உள்ளே வெற்றுக் கூடாகி, பழுப்பா இருக்கு.

கூடு மட்டும் இருந்தால் நைட்ரஜன் மிஞ்சி வேகமாக வளர்ந்த அடையாளம். பழுப்பும் சேர்ந்தால் போரான் குறைவு. சுண்ணாம்பு கூடினால் போரான் அகப்படாது. 10க்கு 3 அடி பாத்திக்கு 3 கிராம் போராக்ஸைப் பூவாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், ஆண்டுக்கு ஒரு தடவை. கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். போரான் தேவைக்கும் நச்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

பெனாகா: வடிகால் ஆழமா வெட்டினேன், தோண்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சள் புள்ளி, தண்ணி துருநிறம்.

உடனே நிறுத்துங்கள். அது கடலோர அமில சல்பேட் மண். அடியிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும், பிஎச் 3.5க்கும் கீழே போகும். அதற்கு எந்த எருவும் ஈடு கொடுக்காது. ஆழத்தை மூடி, நிலத்தடி நீரை மேலேயே வைத்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பாத்தியை உயர்த்துங்கள்.

ஆயர் ஈத்தாம்: கடையில் கனோலா எண்ணெய் விற்குது. நாமும் விதைக்கலாமா?

கீரைக்கு வேண்டுமானால் விதைத்துப் பார்க்கலாம், எண்ணெய்க்கு ஆகாது. அது கடுகுக் குடும்பத்துக் குளிர்ப் பயிர், பூக்கும்போது வெயில் 30 டிகிரி தொட்டால் பூ கொட்டும், காய் பிடிக்காது. கனடா சமவெளியின் கோடை அதற்குத் தோது.

ஆனால் அங்குள்ள விவசாயிகளிடமிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. கனோலாவுக்குக் கோதுமையைவிடக் கந்தகம் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். நைட்ரஜன் தாராளமாக இருந்து கந்தகம் குறைந்தால் விளைச்சல் படுத்துவிடும். சாவிக்கும் இதே பசி. அடையாளம் எளிது: கீழ் இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, மேலே இளம் இலை வெளுத்துக் கிண்ணம்போல் குழிந்தால் கந்தகம். எரு போட்ட பாத்தியிலும் இது வரும், மழை சல்பேட்டை அடித்துக்கொண்டு போவதால். அம்மோனியம் சல்பேட் சதுர மீட்டருக்கு 10 கிராம் கொடுங்கள். அதில் 24 சதவீதம் கந்தகம், 21 சதவீதம் நைட்ரஜன். மண்ணைப் புளிக்க வைக்கும் உரம் அது, ஆண்டுக்கு ஒருமுறை பிஎச் பாருங்கள்.

பட்டர்வொர்த் (மறுபடி): செப்டம்பர் மழையில போட்ட எரு எல்லாம் போயிடுதே?

மொத்தத்தையும் அடியுரமாகப் போடாதீர்கள் அக்கா. பாதி நடும்போது, பாதி நட்ட பத்தாம் நாள் வரிசைக்கு நடுவே போட்டு லேசாக மண் மூடுங்கள். பாத்தி 20 சென்டிமீட்டர் உயரம், மேலே பிளாஸ்டிக் கூரை. அந்த மழை மாதங்களில் சாவியைக் குறைத்து, கங்கோங் (தண்ணீர்க் கீரை) போட்டாலும் நஷ்டமில்லை.