தம்பியின் கலங்களை ஏற்ற உப்புவெளிக் காணியை விற்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு (வயது 44, எடை 60 கிலோ) இரத்தப் புற்றுநோய். எட்டு மாதத்துக்கு முன் வேலூரில் அவருடைய தம்பியின் ஸ்டெம் செல் (இரத்தத்தை உருவாக்கும் மூலக் கலங்கள்) ஏற்றினார்கள். இப்போது இரத்தத்தில் தம்பியின் கலங்கள் குறைந்து வருகின்றனவாம். நோய் திரும்பாமலிருக்கத் தம்பியின் லிம்போசைட்டை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை இரத்தக் கலம்) ஏற்ற வேண்டும் என்கிறார்கள். 25 இலட்சம் நிலையான வைப்பிலும், கணவரின் சேமலாப நிதியில் 32 இலட்சமும் உண்டு. உப்புவெளியில் 20 பேர்ச் காணி இருக்கிறது. அதை விற்கட்டுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: இப்போதைக்குக் காணியைத் தொடாதீர்கள் அம்மா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தாலே வாங்க வருகிறவர் விலையை இறுக்குவார்.

லிம்போசைட் ஏற்றுவது ஒரு சின்னப் பைதான், சீக்கிரம் முடிந்துவிடும். காசு போவது அதற்கு முன்னும் பின்னும். தம்பியின் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டு லிம்போசைட்டைப் பிரித்தெடுக்கச் சில மணித்தியாலம் ஆகும். சகோதரர் கொடுத்தால், முதல் முறை பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 10 இலட்சம் முதல் 1 கோடி டி கலங்கள் (லிம்போசைட்டில் ஒருவகை). உங்கள் கணவருக்கு அது குறைந்தது 6 கோடி கலங்கள். பிறகு 8 முதல் 12 கிழமை வரை பார்த்து, தேவைப்பட்டால் அளவைக் கூட்டுவார்கள். ஒரே தடவையில் எடுத்ததைப் பங்குபோட்டு உறையவைத்தால் தம்பி மறுபடி மறுபடி பறக்கத் தேவையில்லை. பிரித்தெடுப்பு எத்தனை தடவை, உறையவைக்கும் கட்டணம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கணக்கு உடைவது வேறு இடத்தில். தம்பியின் கலங்கள் புற்றுக் கலங்களோடு நிற்காமல் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையும் தாக்கலாம். தோல் சிவக்கும், வயிற்றோட்டம் நிற்காது, கண் மஞ்சளாகும். ஏற்றிய அன்றல்ல, கிழமைகள் கழித்து, நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வரும். ஸ்டீராய்டு, கிருமித்தொற்று மருந்து, வார்டுப் படுக்கை என்று செலவு நீளும். பெரும்பாலும் முதல் மதிப்பீட்டில் இது இராது. ஆகவே வைப்பை இதற்கென்றே விட்டுவையுங்கள்.

முதல் சுற்றுக்குச் சேமலாப நிதி. வேலையிலிருப்பவர் 10 வருடப் பங்களிப்பும் 3 இலட்சம் மீதியும் வைத்திருந்தால் மருத்துவத்துக்கு 30 சதவீதம் எடுக்கலாம். உங்களுக்கு 9,60,000 ரூபாய். கணவர் களைத்துப்போய் விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் இந்த வழி அடைபடும், கவனம்.

வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும். அதை ஈடாக வைத்து அதே வங்கியில் கடன் எடுப்பது பெரும்பாலும் மலிவு. அடுத்த புதுப்பிப்பில் 5 இலட்சமாக ஐந்து வைப்பாகப் பிரியுங்கள். ஒன்றை உடைத்தாலும் நான்கு தப்பும்.

ஜனாதிபதி நிதிய உதவிக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பற்றுச்சீட்டோடு பிறகு போகாமல், மதிப்பீட்டோடு இப்போதே போய்க் கேளுங்கள்.