வேப்ப இலை ஓரம் கருகுகிறதா? உரத்தைக் கீழே வையுங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருமுனைப் பூங்காவில் நாலைந்து வேப்பமரங்கள், இலைகள் ஓரம் கருகிக் கொட்டுகின்றன. போர் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் ஊற்றித்தான் வருகிறோம். உரம் போடலாமா, இல்லை கிளைகளைக் கழித்துவிடலாமா?"

இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து பாருங்கள். கடல் பக்கத்து இலைகள் மட்டும் கருகி மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது உப்புக்காற்றின் வேலை, நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் அடுத்த துளிர் தெளிவாக வந்துவிடும். நாலாபுறமும், அதுவும் முற்றிய இலைகளில் நுனியில் தொடங்கி ஓரமாகப் பழுப்பேறினால் தண்ணீரில்தான் கோளாறு. இலை நன்றாக இருந்து குருத்து மட்டும் தீய்ந்த மாதிரி தொங்கினால் தேயிலைக் கொசு என்கிற பூச்சியாக இருக்கலாம், அது வேறு கதை. மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொட்டுகிறதா? வேம்புக்கு அது வழக்கம்தான், விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். வாயில் வைத்துப் பாருங்கள், கரிக்கிறதா? கரிக்கிற தண்ணீரைத் தினமும் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிக்கொண்டே போகும்; மண் காய்ந்ததும் தூரைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது அதுதான். உப்பு ஏறிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது, அதனால் கால் நனைந்திருந்தும் மரம் தாகத்தில் நிற்கிறது. ரசாயன உரமும் ஒருவகை உப்புதானே, அதை இதற்கு மேல் கொட்டுவானேன்?

தினசரி ஊற்றுவதை நிறுத்துங்கள். வளர்ந்த மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தூரில் ஊற்றாமல் கிளைகளின் நிழல் விழும் விளிம்பு வரைக்கும், ரெண்டடி ஆழம் இறங்குகிற அளவுக்கு நிதானமாக விடுங்கள். மணல் நிலம் என்றால் உப்பு கீழே இறங்கிவிடும். புரட்டாசிக்குள் சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையே பாதி வேலையை முடித்துவிடும். உதிர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள் (நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் முதலில் கண்ணில் படுவது அந்தப் புகைதான்), அதையும் பனையோலையையும் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை மட்டும் ஒரு சாண் விலக்கி. பள்ளம் நிரப்பக் கடல் மணல் கொண்டுவந்து கொட்டவே கூடாது.

அப்புறம் மரத்தைச் சுற்றிக் கட்டுகிற அந்த சிமெண்ட் மேடை. உட்காரச் சுகம்தான், ஆனால் தண்டை ஒட்டிப் பூசியிருந்தால் மழை வேருக்கு இறங்காது. நகராட்சியிடம் எழுதிக் கொடுத்து, சுற்றிலும் மூன்றடியாவது வேரில் உளி படாமல் பெயர்க்கச் சொல்லுங்கள்.

காலி இடத்தில் புதிதாக வைப்பதானால் பூவரசு, புன்னை, புங்கை வையுங்கள், மூன்றுமே கரிப்பைத் தாங்கும். ஓரமாக ஒரு உடைமரத்துக்கும் இடம் கொடுங்கள். மண்டபம் ஊர்ப் பக்கம் மணலில் குடை விரித்து நிற்கிற அந்த மரத்தை விட்டுவிட்டு நர்சரியில் அழகுமரம் தேடுவது எனக்குப் புரியவே இல்லை. முள் இருக்கிறது, அதனால் ஊஞ்சல், சறுக்கு இருக்கிற பக்கம் வேண்டாம்.