எக்ஸ்ரே படிப்பு: 6 மாதமா, 4 வருடமா?

வணக்கம் சகோ. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த தங்கைக்கு 6 மாத எக்ஸ்ரே சான்றிதழா, பி.எஸ்சி. ரேடியோகிராஃபியா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் பி.எஸ்சி. சேருங்கள். 3 வருடம் வகுப்பு, 1 வருடம் இன்டர்ன்ஷிப். வசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2 வருட டிப்ளமோவும் நல்லதே. குறுகிய சான்றிதழோடு நின்றால் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் பக்கம் போவது கடினம், சம்பளம் அங்கேதான்.

சேரும் முன் கல்லூரியில் சொந்த சிடி ஸ்கேன் மெஷின் இருக்கிறதா, மாணவர்கள் கையாலேயே நோயாளியைப் படுக்க வைத்துப் படம் எடுக்க விடுவார்களா என்று விசாரியுங்கள். அழும் குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுப்பதைப் புத்தகம் கற்றுத் தராது.

கர்ப்பிணி ஸ்கேன் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். இங்கே அது டாக்டர் வேலை, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் அப்படி.

அம்மாவின் கதிர்வீச்சு பயத்துக்கு: எக்ஸ்ரே எடுப்பவர்கள் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்குள், உடலில் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பில் அணிவார்கள், 3 மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பார்கள். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிரே கிடையாது.