ரூட் கெனாலுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்
கும்பகோணத்தில் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, சொத்தை ஆழம், ரூட் கெனால்தான் (பல்லின் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐஸ் தண்ணீர் பட்டால் மட்டும் கூசி, சில நொடியில் அடங்குகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். சுற்றியுள்ள சொத்தையைச் சுத்தமாகச் சுரண்டி, நரம்பை ஒட்டிய மெத்தென்ற சொத்தையை மட்டும் வேண்டுமென்றே விட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு மாதிரி மருந்து வைத்து இறுக்கமாக அடைக்கலாம். மிஞ்சிய கிருமிகள் தீனியில்லாமல் முடங்கும், பல்லும் உள்பக்கம் புதிதாக டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல் அடுக்கு) கட்டிக்கொள்ளும். அடைப்பு கசிந்தால் எல்லாம் வீண். எக்ஸ்ரேயோடு சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி தானாக வலித்தாலோ, சூடான காபிக்குப் பிறகு வெகுநேரம் விண்விண் என்று தெறித்தாலோ கதை வேறு, அப்போது ரூட் கெனாலைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், கிராம்பு எண்ணெயை நம்பி உட்காரவும் வேண்டாம்.