எழுதாத பத்திரத்துல கையெழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

லண்டன் ஹேரோல இருந்து எழுதறேன். எங்க வீட்டுல பிரெக்ஸிட் இன்னும் முடியல. என் வீட்டுக்காரர் 2016ல நடந்த பொது வாக்கெடுப்புல, பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறணும்னு ஓட்டு போட்டவர். நாங்க சின்னதா ஒரு ரெஸ்டாரண்ட் நடத்தறோம். அப்ப பையனுக்கு 9 வயசு, இப்ப யுனிவர்சிட்டில படிக்கிறான். இன்னொரு ரெஃபரெண்டம் வச்சே ஆகணும், பெரியவங்க எங்க எதிர்காலத்தைத் திருடிட்டாங்க, அப்பா ஒரு பஸ்ல எழுதியிருந்ததை நம்பி ஏமாந்தவர்னு சாப்பிடற இடத்துலயே சொல்றான். இவர் ஜனங்க ஒரு தடவை தீர்ப்பு சொல்லியாச்சு, திரும்பக் கேட்டா அது அவங்களை அவமானப்படுத்தறதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடறார். ஊர்ல ஆள் எடுத்து விசா கிடைக்காம 2015ல ஒரு சமையல்காரர் வர முடியாமப் போச்சு, அந்தக் கோவம் இன்னும் இவருக்கு இருக்கு. எனக்குப் பையன் சொல்றதுதான் சரின்னு படுது, நல்லாத்தான் பேசறான். திரும்பக் கேக்கறது நியாயமா இல்லையா, நீங்க சொல்லுங்க.

உங்கள் வாசகி

---

தங்கச்சி,

அக்கான்னு கூப்பிட்டுட்டே, அதனால நீன்னே எழுதறேன். உன் கடிதம் வந்த அன்னிக்குத்தான் அலமாரியை ஒழிச்சு ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோனைத் தூக்கிப் போடலாம்னு வெளிய எடுத்து வச்சிருந்தேன், போட மனசு வரல, அந்த ஃபோனுக்கும் நீ கேக்கறதுக்கும் சம்பந்தம் இருக்கு, அப்புறம் வரேன்.

முதல்ல உன்னைத் திட்டணும். "நல்லாத்தான் பேசறான்"னு எழுதியிருக்கே பாரு, அது எனக்குப் பிடிக்கல. பெத்த அப்பா சோத்துல கை வச்சிருக்கும்போது ஏமாந்தவர்னு சொல்றது நல்ல பேச்சா? ஐரோப்பிய யூனியனுக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்டு அனுப்பறோம்னு வெளியேறணும்ங்கிறவங்க அந்த சிவப்பு பஸ்ல எழுதினது தப்புக் கணக்குதான், பிரிட்டனுக்கு முன்கூட்டியே தள்ளுபடி ஆன தொகையைக் கழிக்காமலே எழுதினது. ஆனா உன் வீட்டுக்காரர் அந்த பஸ்ஸைப் பாத்து ஓட்டு போட்டவர் இல்லன்னு நீ எழுதினதுல இருந்தே தெரியுதே. அந்த நாள்ல நம்ம ஊர்ல இருந்து சமையல்காரரைக் கூப்பிடணும்னா வருஷத்துக்கு 29,570 பவுண்டு சம்பளம் காட்டணும், அதோட கடையில பார்சல் வியாபாரமே இருக்கக் கூடாதுன்னு ரூல். பார்சல் கட்டாத இந்தியன் ரெஸ்டாரண்ட் இந்த நாட்டுல எங்க இருக்கு சொல்லு. அதே நேரத்துல போலந்துல இருந்தோ ருமேனியால இருந்தோ ஒருத்தர் விசாவே இல்லாம வந்து மறுநாளே வேலைக்கு சேரலாம். இதைப் பாத்து ஒரு மனுஷனுக்கு வயிறு எரிஞ்சா அது முட்டாள்தனமா? அப்ப அமைச்சரா இருந்த ப்ரீத்தி படேல் மாதிரி ஆளுங்க கறி ஹவுஸை, அதாவது நம்ம மாதிரி ரெஸ்டாரண்டுகளைக் காப்பாத்துவோம், வெளியேறிட்டா உங்க ஊர் ஆளுங்களுக்கு வழி பிறக்கும்னு மேடை போட்டுச் சொன்னாங்க. நம்பினார். 2024 ஏப்ரல்ல சம்பள வரம்பு 38,700 ஆச்சு, 2025 ஜூலைல 41,700, அதோட புதுசா சமையல்காரரை வரவழைக்கற வழியையே மூடிட்டாங்க. இதெல்லாம் அவருக்குத் தெரியாதுன்னா உன் பையன் நினைக்கிறான்? வாரா வாரம் கிச்சனுக்கு ஆள் போடும்போது அவருக்குத்தான் முதல்ல தெரியும். தெரிஞ்ச மனுஷன் கிட்ட போய் ஏமாந்தேன்னு ஒத்துக்கோன்னா எந்திரிச்சுத்தான் போவார்.

பெரியவங்க திருடிட்டாங்கங்கிற பேச்சை நான் தொடவே போறதில்ல. ஓட்டு போட்டது திருட்டு ஆகாது, அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு சொல்லணும். திரும்பக் கேட்டா அவமானம்ங்கிறாரே, 2016ல நடந்ததே திரும்பக் கேட்டதுதான். 1973ல பிரிட்டன் உள்ள போச்சு, 1975 ஜூன்லயே பிரதமர் ஹெரால்டு வில்சன் இருக்கவா போகவான்னு கேட்டார், 67 சதவீதம் பேர் இருப்போம்னாங்க. 41 வருஷம் கழிச்சு அதையே திரும்பக் கேட்டப்போ 1975ல ஓட்டு போட்டவங்களை அவமானப்படுத்திட்டாங்கன்னு இவர் சொல்லலயே. டென்மார்க் 1992ல, ஐரோப்பிய யூனியனை உருவாக்கின மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு முடியாதுன்னுச்சு, நாலு விஷயத்துல விலக்கு வாங்கிட்டு வந்து 1993ல கேட்டப்போ சரின்னுச்சு. அயர்லாந்து, யூனியனோட விதிகளை மாத்தின லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு 2008ல முடியாதுன்னுச்சு, வரி, ராணுவ நடுநிலைன்னு அவங்க பயந்த விஷயத்துக்கெல்லாம் உத்தரவாதம் வாங்கிட்டு வந்து 2009ல கேட்டாங்க. ரெண்டு இடத்துலயும் கையில ஒரு காகிதம் இருந்துச்சு, போன தடவை இல்லாத வரிகள் அதுல இருந்துச்சு, அதைப் படிச்சுட்டு ஜனங்க மனசை மாத்தினாங்க.

நான் பத்து வருஷமா கத்திட்டு இருக்கிறது இந்தக் காகிதத்தைப் பத்தித்தான். எழுதாத பத்திரத்துல கையெழுத்து வாங்கினா அதை நம்ம ஊர்ல என்ன சொல்லுவோம்? 2011 மே மாசம் இதே நாட்டுல இன்னொரு வாக்கெடுப்பு நடந்துச்சு, எம்பி தேர்தல்ல 1, 2, 3ன்னு வரிசை போட்டு ஓட்டு போடற முறைக்கு மாறலாமான்னு. அதுக்கு முன்னாடியே பார்லிமெண்ட்ல சட்டம் நிறைவேத்தி, ஜனங்க ஆமான்னு சொன்னா என்ன மாறும்னு எழுதி வச்சுட்டுத்தான் கேட்டாங்க. ஓட்டு எண்ற முறைக்கே அவ்வளவு கவனம். நாட்டோட வியாபாரம், எல்லை, லட்சக்கணக்கான மனுஷங்க குடியிருக்கற உரிமை, இது அத்தனைக்கும் 2016ல வச்சது ஒரே வரிக் கேள்வி. வெளியேறணும்னா ஒற்றைச் சந்தைல (சரக்கும் ஆளும் தடையில்லாமப் போய் வர ஏற்பாடு) இருந்துமா, கஸ்டம்ஸ் யூனியன்ல (தங்களுக்குள்ள சுங்க வரி இல்லாத நாடுகளோட கூட்டு) இருந்துமா, வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கிற எல்லையில கேட் போடணுமா, எதுவுமே எழுதல. 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறணும்னாங்க, ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு பிரெக்ஸிட். உன் வீட்டுக்காரர் மனசுல இருந்தது அவர் கடைக்கு ஒரு சமையல்காரர். இங்கிலாந்துலயே லிங்கன்ஷயர் பாஸ்டன்ல நாலுல மூணு பேர் வெளியேறப் போட்டாங்க, அவங்க மனசுல இருந்தது ஆளே வரக் கூடாதுன்னு. ரெண்டும் ஒரே பெட்டியில விழுந்து ஒரே கணக்கா எண்ணியாச்சு.

2016 ஜூன் 23 வியாழக்கிழமை. லண்டன்ல பேய் மழை. நான் அப்ப தெற்கு லண்டன் குராய்டன்ல இருந்தேன், இந்த நாட்டுக்கு வந்து மூணே வருஷம், கையில இந்தியன் பாஸ்போர்ட். காமன்வெல்த் பிரஜைங்கிறதால எனக்கு ஓட்டு இருந்துச்சு. மாடி வீட்டுல இருந்த போலந்துக்கார அம்மா 2005லயே வந்தவங்க, முதியோர் இல்லத்துல நைட் டூட்டி, 11 வருஷமா வரி கட்டினவங்க, அவங்களுக்கு ஓட்டு இல்ல. ஐரோப்பிய நாட்டுக்காரங்கள்ல அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் இருந்துச்சு. என் பொண்ணைப் பாத்துக்க ஆள் இல்லன்னு அவங்களையே கூட்டிட்டுப் போனேன். சர்ச் ஹால் வாசல்ல ஒரு கையில குடை, ஒரு கையில என் பொண்ணுன்னு அவங்க நின்னாங்க, நான் உள்ள போனேன். பேரும் விலாசமும் கேட்டாங்க, சீட்டு கொடுத்தாங்க, நூல் கட்டின பென்சிலால ஒரு பெருக்கல் குறி போட்டேன், ரெண்டு நிமிஷம் ஆகல. அந்தச் சீட்டுல வாசல்ல நிக்கிற அந்த அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வெளிய வந்தப்போ பொண்ணு தேங்கின தண்ணியில குதிச்சு ஷூவெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு, அந்த அம்மா அதைக் கழட்டித் தன் பையில போட்டுக்கிட்டாங்க. மறுநாள் காலையில வெளியேறணும்னு 52க்கு 48னு டிவில வந்துட்டு இருந்துச்சு, பிரதமர் கேமரூன் ராஜினாமா பண்றேன்னு பேசிட்டு இருந்தார், கதவைத் தட்டினாங்க. உள்ள பேப்பர் திணிச்சு ஹீட்டர் பக்கத்துல காய வச்ச ஷூ ரெண்டையும் நீட்டினாங்க. ரிசல்ட் பத்தி ஒரு வார்த்தை பேசல. எனக்கும் பேச வாய் வரல.

இப்ப ஃபோனுக்கு வரேன். 2019ல, அயர்லாந்துக்காரங்களைத் தவிர ஐரோப்பிய நாட்டுக்காரங்க இங்கயே இருக்கணும்னா விண்ணப்பம் போடணும்னு வந்துச்சு. அதுக்கு ஒரு ஆப், அப்ப ஐஃபோன்ல வேலை செய்யாது, ஆண்ட்ராய்டுதான் வேணும், அந்த அம்மா கிட்ட இருந்தது ஐஃபோன். ஏப்ரல் மாசம் ஒரு ராத்திரி என் கிச்சன் டேபிள்ல அவங்க பாஸ்போர்ட்டை மூடி வச்சு மேல என் ஃபோனை வச்சு அசையாம பிடிச்சுட்டு உக்காந்திருந்தோம், சிப்பைப் படிக்கணுமாம், மூணு தடவை படிக்கல, நாலாவது தடவை பிடிச்சுச்சு. 14 வருஷம் முதியவங்களைக் குளிப்பாட்டித் தூங்க வச்ச கை அது, பாஸ்போர்ட் மேல நடுங்கிட்டு இருந்துச்சு. இந்த ஃபோனை நான் எப்படித் தூக்கிப் போடுவேன்?

அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், மார்ச் 23, இன்னொரு வாக்கெடுப்பு வேணும்னு பார்க் லேன்ல இருந்து பார்லிமெண்ட் ஸ்கொயர் வரைக்கும் நடந்த ஊர்வலத்துல நானும் நடந்தேன். எங்க பக்கத்து மேல எனக்கு இருக்கிற கோவம் உன் வீட்டுக்காரர் மேல இல்ல. அன்னிக்கு என்னைச் சுத்தி நடந்தவங்கள்ல பாதிப் பேர் சொன்னது உன் பையன் சொல்றதேதான், அவங்களுக்கு விவரம் தெரியல, ஏமாந்துட்டாங்கன்னு. வெளியேறணும்னு நிறையப் பேர் போட்ட சண்டர்லேண்டு ஊருக்குப் போய் ஏன்பா இப்படிப் போட்டீங்கன்னு ஒருத்தர் வீட்டுல உக்காந்து கேட்டவங்க எத்தனை பேர்? ஏப்ரல் 1ஆம் தேதி பார்லிமெண்ட்ல கஸ்டம்ஸ் யூனியன்ல மட்டுமாவது இருப்போம்ங்கிற தீர்மானம் 273க்கு 276னு மூணே ஓட்டுல தோத்துச்சு. மூணு! வெளியேறற ஒப்பந்தத்தை ஜனங்க கிட்ட கேப்போம்ங்கிறது 280க்கு 292, பன்னெண்டு ஓட்டுல போச்சு. ரெண்டாவது வாக்கெடுப்பு கேட்ட எம்பிங்கள்லயே சிலர் கஸ்டம்ஸ் யூனியனுக்கு ஆதரவு தரல, கேட்டா முழுசாக் கிடைக்கணும், இல்லன்னா வேணாம். கிடைச்சது என்ன? டிசம்பர் தேர்தல்ல, வெளியேறியே ஆகணும்னு நின்ன பிரதமர் ஜான்சனுக்கு 80 சீட் மெஜாரிட்டி, 2020 ஜனவரி 31 ராத்திரியோட வெளிய. அந்த மூணு ஓட்டை நினைச்சா எனக்கு இன்னும் தூக்கம் வராது.

அதனால உன் பையன் கிட்ட சொல்லு, இப்ப அவன் கேக்கறது 2019ல நாங்க கேட்டது இல்ல. அப்ப உள்ள இருந்துட்டே தங்கலாமான்னு கேட்டோம், இப்ப வாசல்ல நின்னு கதவைத் தட்டணும், 27 நாடும் சரின்னு சொல்லணும், பிரதமர் தாட்சர் 1984ல சண்டை போட்டு வாங்கின அந்தத் தள்ளுபடி திரும்பக் கிடைக்கும்னு யாரும் சொல்ல முடியாது, யூரோவைப் பத்தியும் பேச வேண்டி வரும். கேக்கலாம், கண்டிப்பாக் கேக்கலாம், நான் சரின்னுதான் போடுவேன். ஆனா பேசி முடிச்சு, என்ன கொடுக்கறோம் என்ன வாங்கறோம்னு எழுதி முடிச்சு, அந்தப் பத்திரத்தைக் கையில வச்சுட்டுக் கேக்கணும். இங்கயே வேலை செஞ்சு வரி கட்டிட்டு இருக்கிறவங்க யாரும் குடை பிடிச்சு வாசல்ல நிக்கக் கூடாது.

உன் வீட்டுக்காரர் கிட்ட அந்த சமையல்காரருக்கு விசா இல்லன்னு வந்த லெட்டர் இருக்கும், ரெஸ்டாரண்ட் ஃபைல்ல தேடு. கடை நடத்தறவங்க அதையெல்லாம் கிழிக்க மாட்டாங்க. எடுத்துப் பையன் கையில கொடு, அப்பா இல்லாத நேரமாப் பாத்து. படிச்சுட்டு என்ன சொன்னான்னு எனக்கு எழுது.