உயிரணுவின் உள்ளே ஒரு சாவு ஏற்பாடு

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்காக என் தாய்மாமாவுக்கு வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை கொடுக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவைத் திறந்துவிட்டு உயிரணுவைச் சாகவைக்கும் மருந்து என்று டாக்டர் விளக்கினார். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தரும் உறுப்பு என்றுதானே பள்ளியில் படித்தோம்? அது எப்படிக் கொல்லும்? நல்ல உயிரணுக்களும் சாகாதா? மாத்திரையின் அளவை ஏன் மெதுவாகக் கூட்டுகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்தது சரியே. மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு இடையே சைட்டோகுரோம் சி என்னும் 104 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் எலெக்ட்ரான்களைக் கைமாற்றி, ஆற்றல் உற்பத்திக்குத் துணை நிற்கிறது. அதே புரதம் வெளிச்சவ்வைத் தாண்டி வந்துவிட்டால், ஏபாஃப்-1 புரதங்கள் ஏழு கூடிச் சக்கரமாக அமைய வழிசெய்கிறது. அச்சக்கரம் காஸ்பேஸ்-9 நொதியையும், அது காஸ்பேஸ்-3ஐயும் முடுக்கிவிட, உயிரணு உள்ளிருந்தே ஒழுங்காகத் துண்டாடப்படுகிறது. சைட்டோகுரோம் சி-யின் இந்த வேலையை 1996இல் சியாவோடொங் வாங்கின் ஆய்வுக்குழு வெளியிட்டது. ரப்பர் மரம் சீவிய கோட்டில் பால் தானே உறைந்து நிற்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நாம் பார்த்திருக்கிறோம். பாலில் உள்ள நுண்பைகள் உடைந்து, உள்ளே அடைபட்டிருந்த புரதங்கள் கலப்பதால்தான் அந்த உறைதல். சைட்டோகுரோம் சி-க்கும் இருக்குமிடமே வேலையைத் தீர்மானிக்கிறது.

வெளிச்சவ்வில் துளையிடுபவை பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள். அவற்றைத் தடுத்து வைப்பது பிசிஎல்-2. இப்புரதம் உயிரணுக்களைச் சாகவிடாமல் காக்கிறது என்று 1988இல் டேவிட் வாக்ஸும் அவருடைய சகாக்களும் மெல்பர்னில் காட்டியதை நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். கட்டுமீறிப் பெருகுவது மட்டுமல்ல, சாக வேண்டிய நேரத்தில் சாகாதிருப்பதும் புற்றுநோய்தான் என்பது அதிலிருந்தே தெளிவாயிற்று. உங்கள் மாமாவின் நோயில் புற்றணுக்கள் பெரும்பாலும் பிசிஎல்-2ஐ மிகுதியாக வைத்துக்கொண்டே பிழைத்திருக்கின்றன. மாத்திரை அதைப் பற்றிக்கொள்ள, அதனிடம் சிக்கியிருந்த பிம் போன்ற சாவுத்தூதுப் புரதங்கள் விடுபட்டுப் பாக்ஸையும் பாக்கையும் எழுப்புகின்றன.

நல்ல உயிரணுக்களுக்கும் பாதிப்பு உண்டு. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பிசிஎல்-எக்ஸ்எல் என்னும் வேறொரு காவல் புரதத்தை நம்பியிருப்பதால், அதை விட்டுவைக்கும் இம்மருந்து அவற்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை.

அளவைக் கூட்டுவதில் காட்டும் நிதானத்துக்கும் காரணம் இருக்கிறது. ஏராளமான புற்றணுக்கள் ஒரேயடியாகச் செத்தால், அவற்றின் பொட்டாசியமும் பாஸ்பேட்டும், மரபுப்பொருள் சிதைவதால் உண்டாகும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கிவிடும். எனவே இந்நோய்க்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் ஒரு படியாக ஏற்றி, 5ஆம் வாரத்தில் 400க்குக் கொண்டுவருகிறார்கள். மாமா டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடிக்கட்டும். மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடக்கூடும் என்பதால், நம் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தைச் சிகிச்சை முடியும்வரை வீட்டுக்கு வாங்கி வராதீர்கள்.